முள் நிற்கும் இடம்

கிளினிக் கூரை வளையில் தொங்கும் தராசுப் பைக்குள் எட்டு மாத அய்மன் கால்களை உதைத்துக் கத்துகிறான். களப்பு நீர்மேலிருந்து வரும் காற்று பையை ஆட்டுகிறது. தராசு முள் நிற்கவில்லை; தாய் ஃபஸ்மியா அதையே பார்த்து நிற்கிறாள். பிள்ளை நிறை ஏறாவிட்டால் மாமி ஏசுவாள் என்று பயந்து, போன மாதம் அவன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைச் சட்டைக்குள் மறைத்தே நிறுக்கக் கொடுத்தாள். இன்று நிறை பார்க்கும் மிஸ் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார். முள் ஒருவாறு ஓய்கிறது. பிள்ளையின் நிறை அட்டையில் மிஸ்ஸின் பேனை கோட்டைக் கீழே இழுக்கிறது. "வயித்தால போனதா? நூறு கிராம் குறைஞ்சிருக்கு. டொக்டருக்குக் காட்டவேணும்." வாசலில் நிற்கும் மாமி எட்டிப் பார்க்கிறாள். ஃபஸ்மியா மூடியிருந்த கையை விரித்து, பிள்ளையின் சூடு ஆறாத அரைஞாணை அட்டைமேல் வைக்கிறாள். "மகன் மெலியல்ல, மிஸ். போன மாசம் இதையும் சேத்துத்தான் நிறுத்தது."