பர்சோ

சனத்நகர் பேக்கரியில் கனகவல்லி வழக்கம்போல் கால் கிலோ உஸ்மானியா பிஸ்கட் கேட்டாள். பொட்டலம் கட்டிக்கொண்டே கடைக்காரர் வேணுகோபால், "உங்க ஜெகதீஷ் பர்சோ வந்திருந்தான்மா" என்றார்.

அவள் மகன் கேப்டன் ஜெகதீஸ்வரன் கார்கில் போரில் இறந்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. கனகவல்லி திடுக்கிடவில்லை. பர்சோ என்றால் ஹிந்தியில் முந்தாநாள். ஹைதராபாத்காரர்கள் வாயில் அது போன வாரமாகவும் இருக்கும், முப்பது வருடத்துக்கு முந்தியும் இருக்கும். தவிர, வேணுகோபாலுக்கு எண்பது வயது. மறதி வேறு.

"என்ன சொன்னான்?" என்று ஆசைக்குக் கேட்டுவைத்தாள்.

"அம்மா கைத்தடி ஊணிக்கிட்டு நடக்கறாங்க, இனிமே பிஸ்கட்டை நீங்களே வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னான்."

கனகவல்லி குனிந்து கைத்தடியைப் பார்த்தாள். போன வாரம்தான் வாங்கியது. அதை ஊன்றிக்கொண்டு அவள் கடைக்கு வருவது இன்றுதான் முதல்முறை.

"மறுபடி எப்ப வரானாம்?"

"பர்சோன்னான்."

நாளை மறுநாளுக்கும் ஹிந்தியில் அதே சொல்தான்.

கனகவல்லி பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்தாள்.

"வீட்டுக்கெல்லாம் அனுப்ப வேணாம்" என்றாள். "பர்சோ நானே வரேன்."