தனி சோப்பு

தனசேகரனுக்குப் பிறப்புறுப்பில் வந்திருந்த புண் ஹெர்பிஸ் என்றார் டாக்டர். "சோப்பு, துண்டு, கக்கூஸ் வழியா எல்லாம் ஒட்டாதுங்க. தோலோட தோல் படணும். புண் ஆறினப்புறமும் ஒட்டலாம். வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க."

அவன் சொல்லவில்லை. சோப்பில் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும் மனசு கேட்காமல் தனி சோப்பு வாங்கினான், தனியாகப் பாய் விரித்தான்.

"துரைக்கு இப்ப நம்ம சோப்பு ஆகாதாக்கும்" என்றாள் மனைவி பவளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேண்டுமென்றே அவன் சோப்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு அவன் பாயில் வந்து படுத்தாள். "போட்டாச்சு. இப்ப என்ன பண்ணுவீங்களாம்?" சிரித்துக்கொண்டே அவன்மேல் காலைப் போட்டாள்.

புண் ஆறிவிட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு கிடந்தால் அவளுக்கு எதுவும் தெரியாது. அவன் அவள் காலை மெல்ல விலக்கினான்.

"சோப்புல ஒண்ணுமில்ல, பவளம்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"பின்ன எதுல?"