நீர்நாயின் கூழாங்கற்கள்

மார்ச் 11, செவ்வாய். விலங்கியல் வகுப்புக்கான ஒப்பீட்டு அட்டவணையில் இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். சரியாகச் சொன்னால், இரண்டு.

மாலை வகுப்பில், தண்ணீர் ஊற்றிய தட்டில் இரண்டு ஆற்று மட்டிச் சிப்பிகள் இருந்தன. ஒன்று இறுக மூடியிருந்தது. இன்னொன்று வாய் திறந்திருந்தது.

மூடியது செத்தது, திறந்தது உயிருள்ளது என்று எழுதினேன். விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

"உயிரோட இருக்கிறதைக் கொன்னுட்டு, செத்ததுக்கு உயிர் குடுத்துட்டீங்களேம்மா" என்றார் ஆசிரியை.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

மட்டி செத்தால் ஓடு தானாகத் திறந்துகொள்ளுமாம். மூடி வைத்திருக்கத்தான் பலம் வேண்டுமாம்.

அட்டவணையின் அடுத்த கட்டத்தில், சின்னநக நீர்நாய். வகுப்பில் போட்ட படத்தில் அது மல்லாந்து படுத்து, கூழாங்கற்களை மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டுப் பிடித்தது. 'மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்: பசித்தால் இந்த ஆட்டம் கூடும்.

வீட்டில் அப்பாவின் அறை மூடியிருந்தது. அம்மா போனதிலிருந்து அப்படித்தான். அப்பா என்ன ஆவாரோ என்று சித்தி தினமும் போனில் புலம்புகிறாள். எனக்கும் அதே பயம்தான்.

அண்ணனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீட்டையே சிரிக்க வைக்கிறவன் அவன்.

அப்பாவின் கதவருகே தட்டு இருந்தது. வழக்கம்போல் வழித்துச் சாப்பிட்டிருந்தார்.

சமையலறையில் அண்ணன் மூன்று வெங்காயங்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க விஞ்ஞானி மேடம், இன்னைக்கு எந்த ஜீவன் உங்ககிட்ட மாட்டிச்சு?"

மட்டிக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். வெங்காயம் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

கழுவுவதற்காக அவனுடைய டிபன் பாக்ஸை எடுத்தேன். கனத்தது. காலையில் கடைக்கு நான் கட்டிக் கொடுத்தது அப்படியே இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவன் கைகளை உயர்த்தியபோது பெல்ட் தெரிந்தது. அதில் ஆணியால் குத்திய புதுத் துளை. அதற்கும் உள்ளே தள்ளி இன்னொன்று.

இதையும் நான் தவறாகக் கணித்திருக்கலாம். ஆனால் தொட்டுப் பார்க்காமல் இனி எதையும் எழுதுவதாக இல்லை.

நாளைய வேலை: மதியம் அரை நாள் விடுப்பு. இரண்டு பேருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அண்ணனின் கடைக்குப் போய், எதிரில் உட்கார வேண்டும். அட்டவணை அதற்குப் பிறகு.