அழகர் எங்கே போகிறார்?

"இராக்காக்கா, ஒம் புருஷன் விடியக் கருக்கல்ல எங்க போறாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேலாயி கேட்டாள்.

"எல்லா ஆம்பளைங்களும் போற எடத்துக்குத்தான்" என்றாள் இராக்கம்மா.

"எல்லாரும் ஆத்துப் பக்கமில்ல எறங்குறாங்க? இவரு மட்டும் எங்க மேட்டு லயத்துப் பக்கம் ஏறுறாரே! ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." வேலாயி குரலைத் தாழ்த்தினாள். "பாக்கியலெட்சுமியும் மேட்டு லயந்தான். புருஷன் செத்துத் தனியா இருக்கறவ. நான் ஒண்ணும் சொல்லலக்கா. எவ வீட்டுக்குப் போறாருன்னு நீயே பாத்துக்க."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில், இலங்கையில் பசறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அழகரைத் தெரியாதவர்கள் இல்லை. எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். போன மாரியில் ஒழுகிய கூரை இந்த மாரியிலும் ஒழுகியது. கதவுக் கொண்டி ஒற்றை ஆணியில் தொங்கியது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடியும் நேரத்துக்குத்தான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார். விடியலில் ஆளெழுப்பும் தப்புப்பறை அடித்து ஓய்ந்தபின்னும் முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் இராக்கம்மா அவரை எழுப்ப வேண்டும்.

அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்ச காலமாகத் தப்புச் சத்தத்துக்கு முன்பே எழுந்து போகிறார். பெரட்டுக்கு முதல் ஆளாக வருகிறார். "என்ன அழகரு, யாரு மந்திரம் போட்டது?" என்று பேர் கூப்பிடும் கங்காணியே கேட்டுவிட்டார்.

இராக்கம்மாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். இப்போது அவளுக்கும் ஒரு கேள்வி வந்தது.

கட்டினவள் கத்தியும் எழுந்திருக்காதவர், யாருக்காக எழுந்திருக்கிறார்?

மறுநாள் அவர் கம்பளியை உதறிவிட்டு வெளியே போனதும் அவளும் பின்னாலேயே போனாள். பனிமூட்டம். மேட்டு லயத்துக்குப் போகும் சுற்றுப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறியவர், சட்டென்று மானாப்புல் மண்டிய சரிவுக்குள் நுழைந்துவிட்டார்.

ஆள் உயரப் புல்லை விலக்கிக்கொண்டு, கேட்க வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இராக்கம்மாவும் நுழைந்தாள்.

அழகர் மம்பட்டியால் மலையை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியிலிருந்து கீழே பீலிப் பக்கம்வரை படிகள் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் கல் அணை கொடுத்திருந்தது.

அவளைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவர்போல் மம்பட்டியைக் கீழே போட்டார்.

"நீ ஏன் புள்ள வந்தே?"

"இதெல்லாம் நீங்களா வெட்டினீங்க?"

"கங்காணிகிட்ட நல்ல பாதை ஒண்ணு கேட்டேன். பாப்போம், பாப்போம்னாரு."

"அவரும் ஒங்களை மாதிரித்தானா?" அவளையறியாமல் சிரிப்பு வந்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? இதுவரைக்கும் எதையாச்சும் முடிச்சிருக்கேனா? இதையும் பாதியில விட்டா லயமே சிரிக்கும். நீயுந்தான் சிரிப்பே."

"அப்புறம் எப்படி இவ்வளவும்...?"

அழகர் தலையைச் சொறிந்தார்.

"மொத நாளு வந்து மலையப் பாத்தேன். மலைச்சுப் போயித் திரும்பிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அப்புறம் மேல பாக்குறதையே விட்டுட்டேன். இன்னக்கி ஒரு படி. அத வெட்டிட்டாப் போதும், பெரட்டுக்குப் போயிறலாம். அவ்வளவுதான் கணக்கு. இப்பல்லாம் நான் படுத்திருந்தாலும் காலு சும்மா கெடக்க மாட்டேங்குது."

"சரி, யாருக்காக இந்தப் பாடு?"

அவர் சொன்னார்.

இராக்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அணைக்குக் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

அன்று இருவரும் காலெல்லாம் சேறாகப் பெரட்டுக்கு வந்தார்கள். "அழகரு!" என்று முதல் பேராகக் கங்காணி கூப்பிட்டபோது, அவளும் சேர்ந்து நிமிர்ந்து நின்றாள்.

கடைசிப் படி முடிந்த அன்றைக்கு மாலை, வேலாயி சுற்றுப்பாதையில் வழுக்கி வழுக்கி இறங்கிப் பீலிக்கு வந்தாள். வயிற்றுப் பாரத்தில் மூச்சு வாங்கியது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"என்னக்கா, இப்பல்லாம் நீயும் கூடவே போறியாமே! காவலுக்கா? ஆளக் கண்டுபிடிச்சிட்டியா?"

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள் இராக்கம்மா.

"யாரு? பாக்கியலெட்சுமிதானே?"

"வா, வீட்டக் காட்டுறேன்."

வேலாயியின் நிறைகுடத்தைத் தன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். மானாப்புல்லை விலக்கியதும் வேலாயி திகைத்து நின்றாள்.

"இந்தப் படி எப்பக்கா வந்துச்சு?"

"மெதுவா ஏறு. சொல்றேன்."

இராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியிலும் வழுக்காமல் வேலாயி ஏறினாள். கடைசிப் படியில் நின்று புல்லை விலக்கினால், மேட்டு லயத்துக் கோடிக் காம்பராவின் வாசல்.

வேலாயி மலங்க மலங்க விழித்தாள். "இது... எங்க வீடுல்ல?"

இராக்கம்மா குடத்தை அந்த வாசலில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமாடி. ஊருக்குக் கப்பலேறுன ஒம் புருஷன், 'புள்ளத்தாச்சி, தண்ணிக்கு எறங்கையில வழுக்கி விழுந்துரப் போறா, பாத்துக்கங்கண்ணே'ன்னு சொல்லிட்டுப் போனானாம். எம் புருஷன் தெனமும் ஏறி வந்தது ஒன் வாசலுக்குத்தான்!"