குப்பையே வராத வீடு

குப்பை வண்டி ஒவ்வொரு வீட்டுக் குப்பையையும் படித்து, நோய் ஏதும் தெரிந்தால் சுகாதார நிலையத்துக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் தகவல் அனுப்பிவிடும். சங்கரவடிவின் வீட்டிலிருந்து மட்டும் மூன்று வாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. தனியாக இருக்கும் மனுஷி குப்பையை என்னதான் செய்கிறாள் என்று பார்க்க, தூய்மைக் காவலர் அமலோற்பவம் வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பை நிறையக் காலி மாத்திரை அட்டைகள் இருந்தன.

“நெஞ்சு வலிக்குத்தான். மவனுக்குத் தெரிஞ்சா சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவான். அங்க என்னால இருக்க முடியாது,” என்றாள் சங்கரவடிவு.

அமலோற்பவம் அந்தப் பையைக் கொண்டுபோய்த் தன் வீட்டுத் தொட்டியில் போட்டாள்.

மறுநாளே சுகாதார நிலையத்துச் செவிலியர் அமலோற்பவத்தின் வாசலில் வந்து நின்றார். “படியேறினா மூச்சு வாங்குதாக்கா?”

முந்தின நாள் சங்கரவடிவு கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பட்ட பாட்டை அமலோற்பவம் நினைத்துப் பார்த்தாள்.

“எந்திரிச்சு உக்காந்தாலே வாங்குது.”

“அப்ப இந்த மாத்திரை போதாது. நாளைக்கே டாக்டரைப் பாக்கணும். தொணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க.”

“சங்கரவடிவு அக்காவைக் கூட்டிட்டு வாரேன்,” என்றாள் அமலோற்பவம்.