மாமாவின் மக்காச்சோளம்

"நீ மக்காச்சோளம் போட்டியா, இல்ல புழுவுக்கு விருந்து போட்டியா, மாப்ள?"

அக்கா புருஷன் கேட்டதும் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பிக்காரன் சிரிக்கவில்லை. அவன் வயலில் படைப்புழு குருத்திலேயே குடியேறி, இலையைச் சல்லடையாக்கி, கதிருக்குள்ளும் புகுந்துவிட்டது. காப்பீட்டுக் கம்பெனி இழப்பீடு கொடுத்தால்தான் அடுத்த போகத்துக்கு விதை வாங்க முடியும். ஊருக்கு இந்த வருஷம்தான் காப்பீடு புதிது. சேதத்தை அளக்க வந்த அதிகாரி, காலில் மண் ஒட்டிவிடுமோ என்று ரோட்டைவிட்டு இறங்காமலே நின்றார்.

"புழு ஊருக்கே விழுந்திருக்கு மாமா. எனக்கு மட்டுமா?"

"ஊரோட என்னைச் சேர்க்காதே. சாயங்காலமா பார்த்து, குருத்துக்குள்ள இறங்குற மாதிரி மருந்தடிக்கணும். நீ உச்சி வெயில்ல இலைமேல தெளிச்சா புழு என்ன பண்ணும்? குளிச்சுட்டுப் போய்ப் படுத்துக்கும்."

மறுபடியும் சிரிப்பு. மாமாவுக்கு எப்போதுமே வாய் நீளம். எதிரில் மச்சினன் நின்றால் அது இன்னும் ஒரு முழம் நீளும். போயும் போயும் இந்த ஆளுக்கா அக்காவைக் கட்டிக்கொடுத்தோம் என்று தம்பி பல்லைக் கடித்தான்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு இடத்துல கயிறு கட்டி, அதுக்குள்ள இருக்கிற கதிரை வெட்டி எடை போடணும். யார் வயல்ல வெட்டலாம்? சீக்கிரம் சொல்லுங்க."

"என் வயல்ல வெட்டுங்க சார்." தம்பி முன்னால் வந்தான்.

மாமா அவன் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "அங்க வெட்டுறதுக்கு என்ன இருக்கு? அரிவாளுக்கே அவமானம். நீங்க இப்படி வாங்க சார். ரோட்டை ஒட்டியே என் வயல்தான். ஷூவுல தூசிகூட படாது."

அதிகாரிக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பிடித்தது.

கயிறு கட்டினார்கள். வெட்டிய கதிர் ஒவ்வொன்றும் கைக்கு அடங்காமல் இருந்தது. மாமா தோலை உரித்து உரித்துத் தூக்கிக் காட்டினார். "இதுல ஒரு ஓட்டை காட்டு மாப்ள, மீசையை எடுத்துடறேன்."

தம்பி கீழே கிடந்த தோலைக் காலால் எத்தினான்.

எடை போட்டு முடித்த அதிகாரி சந்தோஷமாகப் பேனாவை மூடினார். "அருமையான மகசூல். பாதிப்பு இல்லைன்னு எழுதிட்டேன். ஊருக்கு இழப்பீடு வராது."

"ஊருக்கா?" தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவருக்கு வராது, சரி. எனக்கு?"

"ஒவ்வொரு வயலா அளக்க எங்களுக்கு ஆள் ஏதுப்பா? வெட்டின இடத்துல என்ன விளைஞ்சிருக்கோ, ஊர் முழுக்க அதுதான் விளைச்சல். அதான் எங்க கணக்கு." வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார்.

சிரித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தம்பிக்கு இத்தனை நாள் அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் பொங்கியது. "உங்க ஜம்பத்துக்கு ஊர் வயித்துல மண்ணைப் போட்டுட்டீங்களே, மனுஷனா நீங்க?"

மாமா கையிலிருந்த கதிரைக் கீழே போட்டார். வெட்டிய கதிர்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த அக்கா, நடந்ததைக் கேட்டாள். செம்பைத் தரையில் வைத்தாள். புருஷனைத் தலையோடு கால் பார்த்தாள்.

"இவர்கிட்ட எதுக்குடா தம்பி தொண்டைத் தண்ணிய வத்த வைக்கிற? ரோட்டுல போறவங்க கண்ணுல படுற வரிசைக்கு மட்டும் மருந்தடிச்ச மகராசன் இவர். உள்ளே போய்ப் பாரு, உன் வயலே தேவலை. அளக்க ஆள் அனுப்புங்கன்னு கம்பெனி வாசல்ல போய் முதல்ல அழுததே இவர்தான்."