மீன் இல்லாத குளம்

"தம்பி, உங்க கழி மாட்டை இடிக்குது. கொஞ்சம் பார்த்து."

ரூபர்ட் திரும்பிப் பார்த்தான். துண்டுகளைப் பொருத்திய பதினோரு மீட்டர் தூண்டில் கழியின் பின்பக்கம் வேலியைத் தாண்டிப் போய், மேய்ந்துகொண்டிருந்த பசுவின் விலாவில் முட்டிக்கொண்டிருந்தது. பசுவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கழியை இழுத்துக்கொண்டான்.

பக்கத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த வில்ஃபும் செட்ரிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. யார்க்‌ஷயரில் மழையோ வெயிலோ, ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தக் குளக்கரையில் இதே இடம்தான்.

"புதுசா?" என்றார் வில்ஃப்.

"ஆமாங்க. கழியும் புதுசு, நானும் புதுசு."

"அதான் தெரியுதே. மொத்தக் கழியையும் தூக்கக் கூடாது தம்பி. பின்னால தள்ளிக்கிட்டே வந்து, பாதியில கழட்டிட்டு, முன்பாதியை மட்டும் தூக்கணும். நீங்க என்னமோ கொடிக்கம்பம் நடுறீங்க."

செட்ரிக் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. ரூபர்ட்டும் கூடவே சிரித்தான்.

"இங்கே மீன் நிறைய இருக்குங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. குளம் முழுக்கக் கெண்டை என்று ஒருவனுக்குத் தெரிந்தால் போதும், அடுத்த வாரம் ஊரே வந்து உட்காரும். அப்புறம் இந்த இடம் இவர்களுக்குக் கிடைக்காது. இந்தப் பயத்தில் இரண்டு கிழவர்களும் எத்தனையோ பேரைப் பொய் சொல்லியே விரட்டியிருக்கிறார்கள்.

"மீனா?" வில்ஃப் இழவு வீட்டுக் குரலுக்கு மாறினார். "வெள்ளம் வந்தப்பவே எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

"வீட்டுல பொண்டாட்டி இருக்கா," என்றார் செட்ரிக்.

காலையிலிருந்து பிடித்த கெண்டைகளைச் சாயங்காலம் எடைபோட்டுத் திரும்ப விடுவதற்காக, அவர் தன் காலடியில் ஒரு வலைப்பையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார். அதற்குள் மீன்கள் தடதடவென்று துள்ளின.

"என்னங்க சத்தம்?"

"எலி. தண்ணி எலி. இங்கே ஜாஸ்தி."

சற்று நேரத்தில் ரூபர்ட்டின் தக்கை சட்டென்று முங்கியது.

"ஐயா, தக்கை முங்குது."

"காத்து. அதையெல்லாம் இழுக்கக் கூடாது," என்றார் வில்ஃப். கரையில் ஓர் இலைகூட அசையவில்லை.

மதியம் ரூபர்ட் கழியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இருவரிடமும் வந்து கைகொடுத்தான்.

"ரொம்ப நன்றிங்க. எங்க மாமா போன மாசம் சாகறப்ப இந்த நிலத்தை எனக்கு எழுதி வச்சாரு. வீடு கட்டுறவங்க குளத்தை மூடிக் கொடுங்கன்னு நச்சரிக்கிறாங்க. இதுல மீன் இருக்கு, மூடிடாதேன்னு மாமா சொல்லியிருந்தாரு. அதான் கழி வாங்கிக்கிட்டு நானே பார்க்க வந்தேன். நீங்க உண்மையைச் சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

வில்ஃபின் வாய் திறந்தது. காலடியில் வலை மறுபடி துள்ளியது.

ரூபர்ட் கலங்கிய தண்ணீரை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"பாவம், இந்த எலிங்கதான் இனிமே வேற இடம் பார்க்கணும்."